ஊர் ஊராய்ப் போகும் தொழில்கள்

சிவகாசிக்கு அடுத்த விஸ்வநத்தத்தில் பஞ்சாங்கம் இரண்டு உண்டு. ஒன்று சுவரில் தொங்குவது. சிவகாசி அச்சுக்கூடங்களில் பல வர்ணங்களில் அச்சாகித் தேசமெங்கும் போகிற காலண்டர்களில் ஒன்று நம் ஊர் வீடுகளுக்கும் தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறது. மற்றொன்று தெருவழியே நடந்து வருவது. மார்கழி விடியற்காலையில் குடுகுடுப்பைச் சத்தம் கேட்கும். அறுவடை முடிந்து கரிசல் நிலம் வெறுமையாய்க் கிடக்கும்போது கிடை ஆடுகள் வரும். பங்குனிப் பொங்கல் சமயத்தில் பாசிமணிக்காரர்கள் கோயில் வாசலில் துணி விரிப்பார்கள். சித்திரை வெயிலில், வேறு எவரும் வெளியே தலைகாட்டாத நேரத்தில், ஈயம் பூசுகிறவரின் குரல் கேட்கும். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைத் தரிசிக்கப் போகும் கூட்டத்தை ஒட்டி நூறு விதமான சில்லறை வியாபாரிகள் போவார்கள். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் மாத்திரம் இந்த இரண்டாவது பஞ்சாங்கத்தில் ஒன்றும் எழுதப்படுவதில்லை. அப்போது ஊரில் ஆண் பெண் அனைவரும் பட்டாசு வேலையில் இருப்பார்கள். கதவைத் தட்டினால் திறக்க ஆள் இராது.

முதல் பஞ்சாங்கம் வருஷத்துக்கு வருஷம் வழவழப்பாகிக்கொண்டு வருகிறது. இரண்டாவதில் ஏடுகள் உதிர்கின்றன. அம்மி கொத்துகிறவர்கள் வருவது நின்று நெடுநாளாகிறது. உளியும் சுத்தியலும் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பெண்கள், தேய்ந்து வழுக்கிப்போன அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் புள்ளி புள்ளியாய்ப் பொளிந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபின் அவர்களுக்கு இங்கே என்ன வேலை? பூம்பூம் மாட்டுக்காரர் எப்போதாவது வருகிறார். மாடு தலையை ஆட்டுவதைக் குழந்தைகள் முன்போல் ரஸிப்பதில்லை. அதைவிடச் சுவாரஸ்யமான பொம்மை அவர்கள் கையில், தகப்பனாரின் டெலிபோனில், இருக்கிறது. குடுகுடுப்பைக்காரருக்காவது ஒரு பெருமை உண்டு. இங்கிருந்து அதிக தூரமில்லாத எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், அவருடைய குரலையே எடுத்துக்கொண்டு ‘புதிய கோணங்கி’யைப் பாடி வைத்தார். அந்த உடுக்கையின் தாளத்தில் ஒரு தேசத்துக்கே குறி சொல்லலாமென்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நமக்கு விடியற்காலைத் தூக்கம் கலைகிறதே என்றுதான் தோன்றுகிறது.

ஈயம் பூசுகிறவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தத் தொழிலில் வித்தை இருக்கிறது. ரஸாயன சாஸ்திரமும் இருக்கிறது.

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும் என்பது பாட்டிமார்கள் அனைவரும் அறிந்தது. புளியிலுள்ள அமிலம் பித்தளையிலிருக்கும் செம்பைக் கரைத்துச் சாப்பாட்டில் சேர்த்துவிடும். அதைத் தடுப்பதற்காகவே பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளீயத்தை மெல்லிய தோல்போலப் பூசுகிறார்கள். மூன்று வருஷங்களுக்கு முன்பு எங்கள் பள்ளிக்கூடத்தின் அருகே ஒரு முதியவர் கடை விரித்தபோது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினோம். மண்ணில் சிறு குழி, அதில் கரி, பக்கத்தில் கையால் சுற்றுகிற காற்றுச் சக்கரம். பழைய நாளில் தோல்துருத்தி இருந்த இடம் அது. மணலும் சாம்பலும் இட்டுப் பாத்திரத்தைப் பளிச்சென்று தேய்த்து நெருப்பின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டினார். சூடு போதுமா என்று அவர் எந்தக் கருவியையும் வைத்துப் பார்க்கவில்லை. பாத்திரத்தின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சிட்டிகை நவச்சாரம். குபுக்கென்று வெள்ளைப் புகை எழுந்து பிள்ளைகளெல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். அந்தப் புகை வெறும் வேடிக்கையல்ல. உலோகத்தின் மேல் படிந்திருக்கும் துருவை நவச்சாரம் அரித்தெடுத்துவிடுகிறது. அது போகாவிட்டால் ஈயம் ஒட்டாது. அடுத்து, ஈயக் குச்சியின் நுனி பாத்திரத்தைத் தொட்டதுதான் தாமதம், பாதரஸம்போல உருகி ஓடிற்று. வெள்ளீயம் 232 டிகிரி வெப்பத்திலேயே உருகக்கூடியது. ஒரு கந்தைத் துணிச் சுருளால் ஒரே வீச்சில் வட்டமாய்த் துடைத்தார். மஞ்சள் பாத்திரத்துக்குள் நிலவு உதித்ததுபோல் இருந்தது.

அப்போது ஓர் அம்மாள் தம்முடைய தவலையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, போன தடவை பூசினது ஆறு மாசங்கூட நிற்கலையே!" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"தாயி, நிற்கும். நீ தேங்காய் நாரையும் செங்கல் பொடியையும் போட்டுத் தேய்த்தால் நான் என்ன செய்வேன்? சாம்பலைத் தொட்டு லேசாய்த் துடை. வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்காதே. அதற்கு மேலும் போச்சென்றால் காசு வேண்டாம்" என்றார் முதியவர்.

இந்த இரண்டு புத்திமதிகளும் இன்றைக்கும் உபயோகமானவை. பட்டணங்களில் பித்தளைச் சாமான்கள் மறுபடி நாகரிகமாகிவருவதை வாசகர்கள் அறிவார்கள். அப்படி வாங்குகிறவர்கள் மூன்றாவதாக ஒன்றையும் கவனிக்க வேண்டும். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. இரண்டையும் கலந்து பூசினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் காரீயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது கெடுக்கும். வருஷந்தோறும் அதே தெருவுக்குத் திரும்பி வரவேண்டியிருந்த மனிதருக்குக் கலப்படம் செய்யத் துணிவிராது. அடுத்த சித்திரையில் அதே அம்மாள் தவலையோடு வாசலில் நிற்பார் அல்லவா? வருகிறவர் திரும்பி வருவார் என்பதுதான் அந்த நாளில் முத்திரையும் உத்தரவாதமும்.

எங்கள் ஊரில் இந்தத் தொழிலுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. இது பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற பூமி. கரி மூட்டத்தை எங்கே வைப்பது? சுற்றிலும் வேலி போட்ட பட்டாசுச் சாலைகள். தீப்பொறி என்ற சொல்லைக் கேட்டாலே காவலாளி ஓடி வருவார். அவர் அப்படி ஓடி வருவது முற்றிலும் நியாயம். இந்த வட்டாரத்தில் ஒரு பொறியால் எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கின்றன என்பதை நாம் அறியாதவரல்ல; நம் வகுப்பிலேயே அப்படிப்பட்ட பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆகையால் ஈயக்காரர் ஊருக்குள் வந்ததும் முதலில் செய்கிற காரியம், எங்கே நெருப்பு வைக்கலாமென்று விசாரிப்பதுதான். ஒருவர் கண்மாய்க் கரையைக் காட்டுவார். கண்மாய்க் கரையில் இருக்கிறவர் பள்ளிக்கூடத்துப் பக்கத்தைக் காட்டுவார். வருஷத்துக்கு வருஷம் அந்த இடம் ஊரிலிருந்து தள்ளிக்கொண்டே போகிறது. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது? வீட்டில்தான் எவர்சில்வர் இருக்கிறதே!

உலகத்தின் மறுகோடியிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஐர்லாந்து தேசத்தில் ஊர் ஊராய்ப் போகும் ஒரு ஜனசமூகம் இருக்கிறது. தகரத்தில் வாளியும் குவளையும் செய்வது, ஓட்டைப் பாத்திரங்களை அடைப்பது, குதிரை வியாபாரம், அறுவடைக் காலத்தில் பண்ணை வேலை ஆகியவை அவர்களுடைய பரம்பரை ஜீவனம். சங்கீதத்திலும் கெட்டிக்காரர்கள். ஜானி டோரன் என்ற குழல் வித்துவான் வண்டியிலேயே குடும்பத்தோடு திரிந்து சந்தைகளில் வாசித்தவர். அவருடைய வாசிப்பை அத்தேசத்து நாட்டுப்புறவியல் குழுவினர் 1947-ல் பதிவு செய்தார்கள். 1950-ல் அவர் காலமானார். அந்தப் பதிவு இராவிட்டால் அந்த வாத்தியத்தின் ஒரு தனிப் பாணியே காற்றோடு போயிருக்கும். இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பின் பிளாஸ்டிக் வாளி கிராமாந்தரங்களுக்கு வந்தது. தகரத் தொழில் படுத்துவிட்டது. டிராக்டர் வந்தது, குதிரையும் போயிற்று. அந்தச் சர்க்கார் நியமித்த கமிஷன் 1963-ல் அறிக்கை கொடுத்தபோது, இந்த ஜனங்களின் அலைச்சலை ஒரு வியாதியாகவே கருதி, ஓரிடத்தில் குடியமர்த்துவதே மருந்தென்று எழுதிற்று. தனிப் பண்பாடும் பேச்சும் உள்ள ஓர் இனமென்று அவர்களை அதே தேசம் அங்கீகரித்தது 2017-ம் வருஷம் மார்ச்சு முதல் தேதியில்தான். நடுவில் ஐம்பத்துநான்கு வருஷங்கள். அதற்குள் தகரம் அடிக்கத் தெரிந்த கைகளில் பெரும்பாலானவை மண்ணுக்குள் போய்விட்டன.

ஆனால் ஐர்லாந்தில் நடவாத ஓர் அக்கிரமம் நம் தேசத்தில் நடந்தது. அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம்.

சங்க காலத்திலேயே உமணர் என்று ஒரு கூட்டத்தார் இருந்தார்கள். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி, மனைவி மக்களோடு வரிசையாய்ப் புறப்பட்டு, உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றியவர்கள். பிற்காலத்தில் அதே தொழிலைச் செய்தவர்களில் குறவர் சமூகத்தின் ஒரு பிரிவினர் முக்கியமானவர்கள். கூடையும் முறமும் முடைவது, குறி சொல்வது ஆகியவற்றையே நாம் அவர்களுக்குரியவை என்று நினைக்கிறோம். குற்றாலக் குறவஞ்சி பார்த்த கண்களுக்கு வேறெப்படித் தோன்றும்? பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் உப்பை ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது தானியம் கொண்டுவந்த பெரிய வர்த்தகர்கள் அவர்கள். கடற்கரைக்கும் உள்நாட்டுக் கிராமத்துக்கும் இடையே அவர்கள் போட்ட தடங்களில்தான் பிற்பாடு சாலைகள் வந்தன என்றுகூடச் சொல்லலாம்.

1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிற்று. அந்நாளில் விருதுபட்டியாயிருந்த விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி எல்லாம் அந்தப் பாதையில் இருப்பவை. தூத்துக்குடி உப்பு ரயில் வண்டியில் போகும்போது கழுதையில் யார் வாங்குவார்? போதாக்குறைக்கு அதே வருஷத்தில் பெரும் பஞ்சம் தொடங்கி 1878 வரை தென்னாட்டை வாட்டியது. உப்பின் மீது வெள்ளைக்கார சர்க்காருடைய பிடியும் இறுகிக்கொண்டே வந்தது. வியாபாரம் போனபிறகும் அந்த ஜனங்கள் ஊர் ஊராய்த் திரிந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த வாழ்க்கை அதுதான். தொழிலில்லாமல் திரிகிறவன் திருடனாகத்தான் இருக்க வேண்டுமென்பது சர்க்கார் தர்க்கம். 1871-ல் வடக்கே பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. பிறப்பினாலேயே குற்றவாளி! கைரேகை பதிய வேண்டும். போலீஸுக்குச் சொல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. ஊர் ஊராய்ப் போவதே ஜீவனமாயிருந்தவர்களுக்கு இதைவிடக் கொடிய தண்டனை என்ன இருக்கிறது? உப்பு வியாபாரிகளான குறவர்கள் எப்படிக் குற்றப் பரம்பரையாராக்கப்பட்டார்கள் என்பதைச் சரித்திர ஆசிரியை மீனா ராதாகிருஷ்ணா 2001-ல் வெளியான தமது நூலில் ஆதாரங்களோடு எடுத்துக்காட்டியிருக்கிறார்.

1930-ல் மகாத்மா தண்டிக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் உப்புக்காக நடந்ததை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அதே உப்பைச் சுமந்து தலைமுறை தலைமுறையாய் நடந்தவர்கள் அந்த வருஷத்தில் போலீஸ் பதிவேட்டில் இருந்தார்கள் என்பதைப் பாடத்தில் காணோம். சென்னை மாகாணம் 1947-லேயே இச்சட்டத்தை ஒழித்தது. தேசம் முழுமைக்கும் அது ஒழிந்தது 1952 ஆகஸ்டு 31-ந் தேதி. சட்டம் போயிற்று; சந்தேகம் போகவில்லை. 1948-லேயே வழக்கமான குற்றவாளிகள் என்ற பெயரில் சென்னையில் இன்னொரு சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கும் ஒரு தெருவில் நகை காணாமற்போனால் முதலில் யாரைத் தேடுகிறார்கள் என்பதை வாசகர்கள் தங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இனி ஆட்டுக் கிடைக்கு வருவோம். இது கொஞ்சம் சந்தோஷமான விஷயம். இன்னும் முற்றிலும் அழியாதது. நமது கரிசல் பூமியில் மழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பார்கள். தை முதல் பங்குனிக்குள் பருத்தி, சோளம், கம்பு எல்லாம் வீடு வந்து சேரும். அப்புறம் நிலம் சும்மா கிடக்கும். அந்தச் சமயத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்தும் விளாத்திகுளம் பக்கத்திலிருந்தும் ஆட்டுக்காரர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு மேற்கே வருவார்கள். வெள்ளை உடம்பில் செம்புள்ளி தெளித்த வேம்பூர் ஆடு இந்த நடைக்கென்றே பிறந்த ஜாதி. பகலெல்லாம் தாளில் மேய்ந்த ஆடுகளை இரவில் சம்சாரியின் நிலத்தில் வளைத்து அடைப்பார்கள். ஒரு ராத்திரிப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடம், ரஸாயன உரம் போட்ட இடத்தைவிட அதிக காலம் வளமாயிருக்கும். புழுக்கை இரண்டு மூன்று வருஷம் மெல்ல மெல்ல மக்கிச் சத்தைக் கொடுக்கும். மறுநாள் கிடை பக்கத்து வயலுக்கு நகரும். கூலி ஒரு ராத்திரிக்கு இவ்வளவென்று பேச்சு. முன்பு தானியமாகவே அளந்தார்கள். கரிசலில் மேய்ச்சல் தீர்ந்தால் தாமிரபரணிப் பாசன வயல்களை நோக்கி நடப்பார்கள். மழைக்கு முன் சொந்த ஊர் திரும்புவார்கள். இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார். இந்த வாழ்க்கையின் வாசனையை அறிய விரும்புகிறவர்கள் அதைப் படிக்கலாம்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் தர்மம் செய்கிறோமென்ற எண்ணம் கிடையாது. நிலத்துக்காரருக்கு உரம் வேண்டும்; ஆட்டுக்காரருக்குத் தீனி வேண்டும். ஆனால் விஸ்வநத்தத்தைச் சுற்றி நிலம் எங்கே இருக்கிறது? 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் பிரயாணம் செய்து, தீப்பெட்டித் தொழிலைக் கற்று, அடுத்த வருஷம் திரும்பி வந்தார்கள். அவர்கள் ஊன்றிய விதையிலிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்கள் கிளைத்து, மழை பொய்த்த பூமிக்குக் கஞ்சி வார்த்தன. அதைக் குறை சொல்கிறவனுக்குக் கரிசல் பஞ்சம் தெரியாதென்று அர்த்தம். ஆயினும் பட்டாசுச் சாலைகளில் ஒரு மருந்தறைக்கும் இன்னொன்றுக்கும் இடையே வெறும் நிலம் விட வேண்டுமென்பது விதி. அந்த வெறும் நிலத்தில் புல் முளைக்கிறது. வேலிக்கு வெளியே ஆடு நிற்கிறது. பழைய ஆட்டுத் தடங்கள் பல வேலியில் முட்டி நிற்கின்றன. மந்தையைத் தார்ச்சாலையில் ஓட்டிக்கொண்டு லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு அவர்கள் போகிற காட்சி பார்க்கச் சகிக்கவில்லை. ஆட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை இதில் விடுவதில்லை; கூலிக்கு ஆள் வைத்து மேய்க்கிறார்கள். சிலர் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் மந்தையையே விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

கடைசியாக நரிக்குறவர்கள். பெயர் ஒன்றுபோலிருப்பதால் மேலே சொன்ன குறவர்களும் இவர்களும் ஒன்றென்று பலர் எண்ணுகிறார்கள், அது தவறு. இவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி வடதேசத்து மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, எழுத்து இல்லாதது. காடை, கௌதாரிகளுக்குக் கண்ணி வைப்பதும் நரி வேட்டையும் இவர்களுடைய பழைய தொழில். நரி பயிரைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டதற்காகச் சம்சாரிகள் இவர்களை வரவேற்ற காலம் ஒன்றுண்டு. 1972-ல் வன ஜீவராசிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிருகங்களைக் காப்பாற்ற வேண்டியதுதான். வேட்டையை விட்டவனுக்கு வேறு வழி காட்ட வேண்டுமென்பது மாத்திரம் அந்தச் சட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மிஞ்சியது ஊசியும் பாசிமணியும். கம்பியையும் குறட்டையும் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி பேசிக்கொண்டே மணி கோப்பதைப் பார்த்தால், கைக்குத் தனியாக ஒரு மூளை உண்டோ என்று சந்தேகம் வரும். 2008-ல் தமிழ்நாட்டு சர்க்கார் இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. 2022 டிஸம்பரில் பார்லிமெண்டு இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் கேட்ட கோரிக்கை அது.

ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் போதாது. கையில் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு விலாசம் வேண்டும். எங்கள் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமிக்காக நாமே தகப்பனாரை அழைத்துக்கொண்டு ஓர் ஆபீஸுக்குப் போனோம். "கதவு எண் என்ன?" என்று கேட்டார்கள். அந்த மனிதர் சற்று யோசித்து, "சாமி, கதவே கிடையாதே!" என்றார். ஆபீஸில் எல்லாரும் சிரித்தார்கள். மனு மாத்திரம் திரும்பி வந்தது.

பள்ளிக்கூடத்து விஷயத்தில் சட்டம் இவ்வளவு கடினமாயில்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பிறந்த தேதிக்குச் சான்று இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப முடியாது. ஆகையால் அந்தச் சிறுமி சேர்ந்துவிட்டாள். வீட்டில் ஒரு மொழி, கடைவீதியில் தமிழ், யாத்திரை போன இடங்களில் பிடித்துக்கொண்ட தெலுங்கும் ஹிந்தியும். எண்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணுவாள். மணிச் சரக்கு டஜன் கணக்கிலும் குரோஸ் கணக்கிலும் வருவதால் பன்னிரண்டாம் வாய்பாடு அவளுக்கு விளையாட்டு, ஏழாம் வாய்பாடு பூதம்! ஆடியில் வந்தவள் தை பிறந்ததும் குடும்பத்தோடு பழனிக்குப் புறப்பட்டாள். தைப்பூசம் முதல் பங்குனி உத்திரம் வரை அங்கே வியாபாரம் நன்றாக நடக்கும். இருந்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல நமக்கு என்ன அதிகாரம்? கஞ்சிக்கு நாமா பொறுப்பு? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எந்தப் பாடம் வரையில் நடந்தது என்பதை எழுதி, எங்கே போனாலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் இதைக் காட்டு என்று சொல்லி அனுப்பினோம்.

சித்திரையில் அவர்கள் திரும்பினார்கள். நோட்டுப் புத்தகம் எண்ணெய்க் கறையோடு வந்து சேர்ந்தது. மூன்று பக்கங்களில் வேறொருவர் கையெழுத்து இருந்தது. பச்சை மையில், சற்றுச் சாய்வாக. ‘ஏழாம் வாய்பாடு முடிந்தது, எட்டாவது பாதி’ என்று எழுதியிருந்தார்.